சேர்ந்தது மெர்ச்சண்டைசராக, நிற்பது செக்கிங் டேபிளில். லெட்டரில் கையெழுத்துப் போடலாமா?

கவுண்டிங்கிளாஸ் | டிசம்பர் 15, 2025, இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். வீட்டில் கேட்டால் அம்மா அழுவார்கள், பழைய ஆபீஸில் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் இங்கே.

எனக்கு ஊர் கரூர்ப் பக்கம். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கேயே ஒரு ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தேன். கிச்சன் டவல், ஏப்ரன், குஷன் கவர். பெயருக்கு அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர் (பையரிடம் ஆர்டர் பேசி, சரக்கு போய்ச் சேரும்வரை பின்தொடர்கிற ஆள்), ஆனால் கடைசி இரண்டு வருடம் ஒரு ஜெர்மன் பையரை முழுக்க நான்தான் பார்த்தேன். பிடித்தம் போக 18,900 கையில் வரும். வீட்டிலிருந்து டவுன் பஸ், மதியச் சாப்பாடு அம்மா கட்டிக் கொடுப்பது. செலவே கிடையாது.

ஜூலை கடைசியில் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இன்டர்வியூ. ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) நேரில் பேசினார். அமெரிக்க பையர், குழந்தைகள் நைட் டிரஸ், எனக்குக் கீழே இரண்டு ஜூனியர்கள், மாதம் 34,000. "சார், நான் ஓவன் ஆள், தறியில் நெய்த துணிதான் பழக்கம். டவலில் இன்ச்சுக்கு எத்தனை இழை என்று எண்ணத் தெரியும், நிட்ஸ், அதாவது பின்னல் துணி, அவ்வளவாகத் தெரியாது" என்று நானே சொன்னேன். "துணி துணிதானம்மா. பையரோட பேசத் தெரியுது இல்ல, அது போதும்" என்றார். ஆகஸ்ட் 4-ம் தேதி மெயில் வந்தது. சீனியர் மெர்ச்சண்டைசர் என்றுதான் இருந்தது. நான் அதைப் பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரூரில் இரண்டு மாத நோட்டீஸ். தீபாவளி போனஸை விட்டுவிட்டு வர மனம் இல்லை. அதையும் வாங்கிக்கொண்டு நவம்பர் 3-ம் தேதி சேர்வதாக ஏற்பாடு. நடுவில் செப்டம்பரில் ஒருமுறை எச்.ஆருக்கு போன் செய்தேன், எல்லாம் உறுதிதானே என்று. "அப்படியேதாங்க இருக்கு, நீங்க தைரியமா வாங்க" என்றார். இந்த ஒரு வரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முதல் நாள் உட்கார இடம் இல்லை. மெர்ச்சண்டைசிங் ரூமில் ஏழு சீட். நாலில் ஆள் இருந்தார்கள். மிச்சம் மூன்று கம்ப்யூட்டருக்கும் பாலிதீன் கவர் போட்டு மூடியிருந்தது. "ஒரு வாரம் ஃப்ளோரைப் பாருங்க, நிட்ஸ் பழகட்டும்" என்றார்கள். நியாயம்தானே என்று போனேன். அந்த ஒரு வாரம் இன்றைக்கு ஆறு வாரம்.

நான் செய்யும் வேலை இதுதான். காலையில் செக்கிங் டேபிளில் நின்று எத்தனை பீஸ் பாஸ், எத்தனை ஆல்டர் (திருத்த வேண்டியது), எத்தனை செகண்ட்ஸ் (கழிவு) என்று எண்ணி நோட்டில் எழுதுவது. மதியம் பவர் டேபிள்காரர்களுக்கு (வெளியே கூலிக்குத் தைத்துத் தருபவர்கள்) போன் போட்டு, பண்டல் எங்கே, ஏன் வரவில்லை என்று கேட்டுத் திட்டு வாங்குவது. சாயங்காலத்துக்கு மேல் டையிங் பாலோ-அப், சாயம் போடப் போன துணி என்ன ஆயிற்று என்று பார்ப்பது. செக்கிங்கில் இருக்கும் அக்காக்கள் தங்கமானவர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் நான் பீஸைத் தூக்கிப் பிடித்து உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு ஒரு அம்மா, "கண்ணு, கண்ணால மட்டும் பாக்காத. கையை உள்ள விட்டு விரிச்சுப் பாரு, ஹோல் இருந்தா வெளிச்சம் தானா வரும்" என்று காட்டினார். இந்த ஆறு வாரத்தில் எனக்கு யாராவது ஒழுங்காக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் அது அவர்தான்.

டையிங்குக்கு வருகிறேன். போன மாதம் ஒரு நேவி லாட். பெருந்துறை சிப்காட்டில் சாயப்பட்டறை. "நீங்க போய் ஷேடு பார்த்து ஓகே சொன்னாத்தான் காம்பேக்டிங் ஏத்துவாங்க" என்று (ஷேடு என்றால் நிறம், காம்பேக்டிங் என்றால் துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் கடைசி வேலை) ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பினார்கள். துணி இறங்கும்போது பத்தரை. அந்த ஈரச் சூட்டிலும் மருந்து வாடையிலும் அப்ரூவ்டு ஸ்வாட்சை (பையர் ஓகே செய்த மாதிரித் துணித் துண்டு) வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போனது. ஓகே சொன்னேன். மறுநாள் காலை கட்டிங் டேபிளில் விரித்தால் வெயில் பட்ட பக்கம் நேவியில் ஊதா அடிக்கிறது. ஃப்ளோர் முழுக்கக் கேட்கிற மாதிரி, "உங்களை யாருங்க மெர்ச்சண்டைசர்னு எடுத்தது?" என்று பிஎம் (ப்ரொடக்‌ஷன் மேனேஜர்) கேட்டார். அதே கேள்விதான் எனக்கும், பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

டிசம்பர் 9-ம் தேதி அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கையில் வந்தது. பதவி: ப்ரொடக்‌ஷன் கோஆர்டினேட்டர். சம்பளம் 34,000 என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் பக்கத்தில் சிடிசி என்று மூன்று எழுத்து, அதாவது எனக்காக கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. உள்ளே பார்த்தால் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,950, கிராஜுவிட்டி 722, போனஸ் 1,250, இன்சென்டிவ் 3,500 எல்லாம் அந்த 34,000-க்குள்ளேயே. இன்சென்டிவ், ஷிப்மென்ட் தேதி தவறாத மாதம் மட்டும். என் பங்கு பிஎஃப் 1,800-ம் போனால் முழு மாதத்துக்குக் கையில் 24,778. இங்கே லைன் வீட்டு வாடகை 6,500, அட்வான்ஸ் 40,000 கொடுத்தாயிற்று. கரூரை விடக் கூட வருவதை வாடகையே சாப்பிட்டுவிட்டு மேலே 600 ரூபாய் கேட்கிறது.

இன்னொன்று. கரூரில் சம்பளம் 21,000-க்குள் இருந்ததால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருந்தது. அம்மாவுக்கு சுகர் மாத்திரை அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தோம். இங்கே வரம்பைத் தாண்டிவிட்டதால் கிடையாது. இது எனக்குச் சேரும்போது தோன்றவே இல்லை.

எச்.ஆரிடம் கேட்டேன். "இன்டர்வியூலயே எல்லா வேலையும் பார்க்கணும்னு சொன்னோமே" என்கிறார். சொல்லவில்லை. வேலை கஷ்டம் என்று நான் அழவில்லை, கரூரிலும் பேக்கிங்கில் நின்றிருக்கிறேன். ஆனால் முதலிலிருந்தே இதுதான் பேச்சு, எனக்குத்தான் காது சரியில்லை என்பது போலப் பேசுகிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

லெட்டரில் இன்னும் சில விஷயம்: ஒரு வருடத்துக்குள் போனால் இரண்டு மாதச் சம்பளம் கட்ட வேண்டும். புரொபேஷன் ஆறு மாதம், அதுவரை 15 நாள் நோட்டீஸ், பிறகு 60 நாள். ஒரிஜினல் டிப்ளமோ சர்டிபிகேட்டை "வெரிபிகேஷனுக்கு" என்று முதல் நாள் வாங்கினார்கள், இன்னும் தரவில்லை. லெட்டரைச் சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள்.

போடலாமா? போடாமல் கிளம்பினால் ஆறு வார வேலையை அடுத்த இடத்தில் என்ன சொல்லி விளக்குவது? கரூர் பழைய ஓனர் "எப்ப வேணும்னாலும் வா" என்றுதான் அனுப்பினார், ஆனால் என் சீட்டில் ஆள் வந்துவிட்டது.

---

அரைஷிப்ட் | டிசம்பர் 15, இரவு 11.32

எந்த கம்பெனியில் சொன்னபடி கொடுத்திருக்கிறார்கள்? சம்பளம் 10-ம் தேதி வருதா, வருதுன்னா கும்பிட்டுட்டு வேலையைப் பாருங்க. நாளைக்கு அதுவும் இல்லைன்னா என்ன செய்வீங்க. நம்ம ஊர்ல இப்ப ஆளை அனுப்பிட்டுத்தான் இருக்காங்க, எடுக்கலை.

---

கவுண்டிங்கிளாஸ் | டிசம்பர் 15, இரவு 11.40

வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இப்படி நிலைமை என்று தெரிந்திருந்தால் நான் கரூரிலேயே இருந்திருப்பேனே. செப்டம்பரில் போன் போட்டது அதற்குத்தானே.

---

பாளையத்துக்காரன் | டிசம்பர் 16, காலை 6.50

அம்மணி, நான் 1998-ல் கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுபிடியாக, நுழைந்தவன். இப்போது ஒரு யூனிட்டில் ப்ரொடக்‌ஷன் பார்க்கிறேன். உங்கள் பிஎம் ஃப்ளோரில் வைத்துக் கத்தியது தப்பு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷேடு பார்க்கிற வேலையை நிட்ஸ் தெரியாத ஆளைத் தனியாக அனுப்பிச் செய்யவைத்தது அவர் தப்பு.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரு கணக்கு எனக்குத் தெரிகிறது. ஜூலையில் உங்களிடம் பேசியவர் பொய் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அப்போது ஆர்டர் இருந்தது. ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்குக் கூடுதல் வரி 25 சதவீதம் போட்டது, 27-ம் தேதி இன்னொரு 25. காட்டன் டி-ஷர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. எல்லாம் சேர்த்தால் 100 ரூபாய் சரக்குக்கு வரி மட்டும் 66 ரூபாய் 50 காசு. எந்த பையர் தாங்குவான்? பாதி பேர் ஆர்டரை நிறுத்தினான், மீதிப் பேர் டிஸ்கவுண்ட் கேட்டான். அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்த கம்பெனிகள் ரொம்பத் திணறின. நீங்கள் பார்த்த அந்த மூன்று பாலிதீன் கவர் அதுதான். உங்களுக்கு ஒதுக்கிய பையரே போயிருப்பான்.

அப்படியானால் செப்டம்பரில் நீங்கள் போன் செய்தபோது அவர்களுக்குத் தெரியும். அங்கேதான் அவர்கள் செய்தது அயோக்கியத்தனம். "பையர் நின்னுட்டான், வந்தா ஃப்ளோரில்தான் வேலை, விருப்பமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது.

அதே சமயம் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அப்போது நான் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெட்டத் துணி இல்லை. என்னைத் துணி லாரியில் ஏற்றி, வெளியூரில் எங்கே சாயம் போடுவார்கள் என்று தேட அனுப்பினார்கள். நாலு மாதம் லாரியில்தான் தூக்கம். அன்றைக்கு முதலாளியைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் ஷேடு என்றால் என்ன என்று அந்த நாலு மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மெர்ச்சண்டைசர் ரூமில் உட்கார்ந்து மெயில் அடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கிலோ துணியில் எத்தனை பீஸ் வரும் என்று கேட்டால் முழிப்பார்கள். உங்களுக்கு அது இப்போது தெரிந்திருக்கும்.

அந்த நேவி விஷயம்: பட்டறை டியூப் லைட்டில் பார்த்து ஓகே சொல்லவே கூடாது. லைட் பாக்ஸ் கேளுங்கள், எல்லாப் பட்டறையிலும் இருக்கும். அதில் டி65 (பகல் வெளிச்சம் மாதிரி), டிஎல்84 (கடை விளக்கு மாதிரி) என்று இரண்டு லைட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒத்து இன்னொன்றில் விலகினால் அந்தச் சாயக் கலவையே வேறு என்று அர்த்தம். ஈரத் துணியில் எப்போதும் பார்க்காதீர்கள், அயர்ன் போட்டுக் காயவைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். நேவியும் கருப்பும் சூட்டில் ஏமாற்றும்.

கையெழுத்து விஷயம் படித்தவர்கள் யாராவது சொல்லட்டும். என் யோசனை, எச்.ஆரோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்களை எடுத்த ஜிஎம்மை நேரில் பாருங்கள்.

---

பேஸ்லிப் | டிசம்பர் 16, மதியம் 1.15

ஒரு மில்லில் பேரோல் பார்க்கிறேன், வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஆகஸ்ட் 4 மெயிலில் "சிடிசி" என்ற சொல் எங்காவது இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பேச்சே அதைப் பொறுத்துத்தான்.

லெட்டரில் சனிக்கிழமைக்குள் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஆனால் போடாமல் சும்மா இருப்பதும் ஆபத்து. தினமும் வேலைக்குப் போய்க்கொண்டு, சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தால் நாளைக்கு "ஒத்துக்கொண்டுதானே வேலை செய்தார்" என்பார்கள். அதனால் இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். ஆகஸ்ட் மெயிலுக்கே ரிப்ளை அடித்து, அது கீழே தெரிகிற மாதிரி. லெட்டர் கிடைத்தது, பதவியும் சம்பளப் பிரிப்பும் இதிலிருந்து மாறியிருக்கிறது, விளக்கம் வந்த பிறகு கையெழுத்திடுகிறேன். அவ்வளவுதான், ஐந்து வரி. கோபம், வருத்தம், செப்டம்பர் போன் கதை எதுவும் வேண்டாம். அனுப்பியதும் உங்கள் சொந்த ஐடிக்கு ஒரு காப்பி.

அதே மெயிலில் சர்டிபிகேட்டையும் கேளுங்கள். "வெரிபிகேஷன் முடிந்திருந்தால் ஒரிஜினலைத் திரும்பத் தரவும்" என்று. வாயால் கேட்டால் லாக்கர் சாவி இல்லை, ஆள் லீவு என்று இழுப்பார்கள். எழுத்தில் கேட்டால், ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று அவர்களும் எழுத்தில் சொல்ல வேண்டிவரும். அதை யாரும் விரும்ப மாட்டார்கள். இது கைக்கு வரும்வரை ராஜினாமா பேச்சை எடுக்காதீர்கள்.

இரண்டு மாதச் சம்பளம் கட்டு என்ற ஷரத்து. "பாண்டெல்லாம் செல்லாது" என்று யாராவது இங்கே சொல்வார்கள், முழுதாக நம்பாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் என்ற பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. கோர்ட் நியாயமான நஷ்டஈடுதான் தரச் சொல்லும். உங்களுக்கு அவர்கள் தனியாக என்ன பயிற்சி கொடுத்தார்கள், என்ன செலவு செய்தார்கள்? செக்கிங் அம்மா சொல்லிக்கொடுத்தது கணக்கில் வராது. நிஜத்தில் இதற்காகக் கேஸ் போட மாட்டார்கள். கடைசி மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள், ரிலீவிங் லெட்டரை நிறுத்துவார்கள். அதனால் கையெழுத்துக்கு முன்னாலேயே அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாக்கு மாறியிருக்கும் இந்த நேரம்தான் கேட்க நல்ல நேரம்.

நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதில் மூன்று விஷயம் உங்களுக்கு உதவும். எல்லோருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கட்டாயம். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும். பெண்களை இரவு ஏழு மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். சட்டம் வந்துவிட்டது என்பதற்காக நாளைக்கே எல்லாம் மாறிவிடாது. ஆனால் ராத்திரி பெருந்துறைக்குத் தனியாக அனுப்புவதை மறுக்க உங்களுக்குக் கையில் ஒரு பிடி இருக்கிறது.

அம்மா விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ஈஎஸ்ஐ வேலையை விட்ட அன்றே அறுந்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. நீங்கள் அக்டோபர் வரை கட்டியிருக்கிறீர்கள். கார்டைத் தூக்கிப் போடாமல் டிஸ்பென்சரியில் கேட்டுப் பாருங்கள்.

---

கவுண்டிங்கிளாஸ் | டிசம்பர் 16, இரவு 9.45

பேஸ்லிப் சார், மெயிலைத் தேடிப் பார்த்தேன். சிடிசி என்ற சொல்லே இல்லை. "மாதச் சம்பளம் 34,000" என்று மட்டும் இருக்கிறது. ஐந்து வரி மெயிலை எட்டு தடவை அடித்து, எட்டு தடவையும் செப்டம்பர் போன் உள்ளே வந்துவிட்டது. ஒன்பதாவது தடவை எடுத்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

பாளையத்துக்காரன் அண்ணா, நீங்கள் வரி விவரம் சொன்ன பிறகுதான் பாலிதீன் கவர் எனக்கு விளங்கியது. அங்கே ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. லைட் பாக்ஸுக்கு நன்றி. இன்று கேட்டுப் பார்த்தேன், பட்டறையில் இருக்கிறதாம், அன்றைக்கு நான் கேட்கவில்லையாம்.

---

ஊசிமுனை | டிசம்பர் 17, காலை 10.20

பாளையத்துக்காரன் அண்ணா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாரியில் தூங்கிக் கற்றுக்கொண்டேன் என்று ஆண்கள் சொல்ல முடியும். ராத்திரி பத்தரைக்குப் பெருந்துறையிலிருந்து இந்தப் பெண் எதில் திரும்பி வந்தாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. எதில் வந்தீர்கள் தோழி?

எனக்கும் இது நடந்தது. டிசைனர் என்று எடுத்தார்கள், பிரிண்டிங் யூனிட்டில் ஸ்கிரீன் எண்ணிக் கொடுக்க வைத்தார்கள். 40 நாளில் விட்டுவிட்டேன். அடுத்த இன்டர்வியூவில் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தார்கள், 40 நாள் பளிச்சென்று நின்றது. நான் ரெஸ்யூமில் அதைப் போடவே இல்லை, முகம் செத்துப்போனது. அன்றைக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்த இடத்தில் நானே முந்திக்கொண்டு, "டிசைனர் என்று எடுத்தார்கள், யூனிட்டில் போட்டார்கள், மெயில் இருக்கிறது, காட்டட்டுமா" என்றேன். அவர் பார்க்கக்கூட இல்லை, "எந்த கம்பெனி, அவரா, சரி சரி" என்று சிரித்தார். திருப்பூரில் யார் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆறு வாரத்தை மறைக்காதீர்கள், அதைப் பற்றி நீட்டிப் பேசவும் வேண்டாம்.

நான் செய்த தப்பு, அடுத்ததைக் கையில் வைத்துக்கொள்ளாமல் விட்டது. மூன்று மாதம் வாடகையை நகை வைத்துக் கட்டினேன். 40,000 அட்வான்ஸ் உங்கள் வீட்டு ஓனரிடம் இருக்கிறது, 11 மாத அக்ரிமென்ட் என்றால் நடுவில் காலி செய்தால் பிடிப்பார்களா என்று முதலில் பாருங்கள். புரொபேஷனில் 15 நாள் நோட்டீஸ் என்பது அவர்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வசதி. பாண்ட் வரியை அடித்துவிட்டால் மீதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு இடம் தேடலாம். ஹோம் டெக்ஸ்டைல் அனுபவத்தோடு நிட்ஸ் ஃப்ளோரும் பார்த்த ஆளை பையிங் ஆபீஸில் (வெளிநாட்டு பையருக்காக இங்கே ஆர்டர் பார்க்கிற ஆபீஸ்) விரும்புவார்கள். ஐரோப்பாக்காரர்களோடு பேசிய ஆள் நீங்கள், அதை மேலே போடுங்கள். இங்கிலாந்தோடு ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, அமலுக்கு வந்தால் அந்தப் பக்கம் ஆள் கேட்பார்கள்.

---

பாளையத்துக்காரன் | டிசம்பர் 17, இரவு 8.05

ஊசிமுனை சொன்னது சரிதான். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

---

கவுண்டிங்கிளாஸ் | டிசம்பர் 20, மாலை 6.30

எதில் வந்தேன் என்று கேட்டீர்கள். துணி ஏற்றி வந்த டெம்போவில், டிரைவர் பக்கத்தில். டிரைவர் வயதானவர், நல்ல மனிதர், வழியெல்லாம் மகள் காலேஜ் ஃபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் அடுத்த தடவை வேறு டிரைவராக இருக்கலாமே என்று இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று ஜிஎம்மைப் பார்த்தேன். மெயில் போட்டு இரண்டு நாள் பதில் இல்லை, மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். ஆகஸ்ட் மெயில் பிரிண்ட்டைக் கொண்டுபோயிருந்தேன், மஞ்சள் குங்குமம் ஒட்டியபடியே. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆகஸ்ட் கடைசிலயே பையர் நிறுத்திட்டான்மா. உங்களை வர வேண்டாம்னு சொல்லியிருக்கணும். ஜனவரிக்குள்ள சரியாயிடும்னு நினைச்சோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சரியான இடத்தில் வராமல் இங்கே வந்தது. நாலு மாதமாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தேன் போல.

கிடைத்தது என்னவென்றால்: டிப்ளமோ சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. இரண்டு மாதச் சம்பள வரியை அடித்து அவர் இனிஷியல் போட்டுக் கொடுத்தார். பதவியை "மெர்ச்சண்டைசர் - ப்ரொடக்‌ஷன்" என்று மாற்றினார்கள், சீனியர் போய்விட்டது. இன்சென்டிவ் 3,500-ஐ மார்ச் வரை நிபந்தனை இல்லாமல் தருவதாக எழுதினார்கள். மீதிப் பிரிப்பு அப்படியேதான், "எல்லாருக்கும் இதுதாம்மா ஸ்ட்ரக்சர்" என்றார், அதற்கு மேல் நகரவில்லை. ஏழு மணிக்கு மேல் பட்டறைக்குப் போக மாட்டேன், போனால் கம்பெனி கார், கூட ஒரு ஆள் என்றேன். வாயால் சரி என்றார். அதையும் மெயிலில் போட்டுவிட்டேன், பேஸ்லிப் சார் புண்ணியத்தில் பழகிவிட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அரைஷிப்ட் இதைப் படித்துச் சிரிப்பார், சிரிக்கட்டும். ரெஸ்யூமையும் இரண்டு பையிங் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். முதலாவதில் ஜனவரி முதல் வாரம் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். பதவியும் சம்பளமும் எழுத்தில் வந்த பிறகுதான் இங்கே பேப்பர் போடுவேன், கையில் எவ்வளவு வரும் என்று அங்கேயே கணக்குப் போட்டு வாங்கிவிட்டு.

நாளை ஞாயிறு, கரூர் போகிறேன். டிஸ்பென்சரி திங்கட்கிழமைதான் திறக்கும், அதனால் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். அம்மா கார்டை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார்களாம். கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், இன்னும் யாருக்காவது உதவும்.